கிராதியிலிருந்து எழுந்தவர்

ஈஸ்டருக்கு முந்திய அந்த லெந்து நோன்புக் காலம் தொடங்கியபோது என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவுசெய்துவிடுகிறேன். எனக்கு வயது பத்து. கண்டி நகரில் நம்முடைய தமிழ் ஆலயத்தின் ஞாயிறு பாடசாலையில், வேத வசனங்களை மனனமாக ஒப்புவிக்கும் போட்டியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றவன் நான். கோயிற்பிள்ளைக்கு உடம்பு முடியாத நாட்களில் முதல் மணியை அடிக்க அனுமதிக்கப்பட்ட ஒரே சிறுவனும் நானே. பேராயர் வருகை தந்தபோது என் தலையில் கைவைத்து, இவன் யாருடைய மகன் என்று கேட்டார். அந்தக் கேள்வி முழுச் சபைக்கும் கேட்டது. என் தகப்பனார் ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், ஆலயத்தின் செயலாளர். எங்கள் குடும்பத்தைப் பற்றி அதுவரை எவரும் தவறாக ஒரு சொல் சொன்னதில்லை.

அந்த ஆலயத்தின் இடப்பக்க வாங்குகளில் என்னோடு உட்கார்ந்து, நிலத்துக்கு எட்டாத கால்களை ஆட்டியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம்மில் எஞ்சியிருப்போர் சிலர். சென்ற மாதம் ஒரு மரண வீட்டில், தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒருவர் என் காதுபடவே இன்னொருவரிடம், “இவங்க அப்பாவுக்குத்தானே ஒரு ஈஸ்டர்ல நற்கருணை குடுக்காம எழுப்பி அனுப்புனாங்க” என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. மரண வீட்டில் நின்று வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை. இங்கே திருத்துகிறேன். ஆனால் எதையும் வரிசைப்படி சொல்லியே எனக்குப் பழக்கம்.

என் தகப்பனாருக்குத் தகப்பன் இல்லை. அதாவது, இருந்தார். மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து, மனைவி இறந்த மறு மாதம், மூன்று வயதுப் பிள்ளையை மிஷன் விடுதியின் படியில் உட்காரவைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. ஆகவே தகப்பன் என்பவன் காலையில் எப்படி எழும்புவான், கோபம் வந்தால் எந்தக் குரலில் பேசுவான், பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் எங்கே உட்காருவான் என்றெல்லாம் பார்த்துப் பழக அவருக்கு ஆள் இருக்கவில்லை. விடுதி அவருக்கு இரண்டு பொருட்களைக் கொடுத்து அனுப்பியது: ஒரு வேதாகமம், ஒரு நல்ல கையெழுத்து. கையெழுத்து அவரைத் தோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. வேதாகமத்திலிருந்து அவர் தகப்பனாயிருக்கக் கற்றுக்கொள்ள முயன்றார். நீல மட்டை போட்ட அப்பியாசக் கொப்பி ஒன்றில், தகப்பன்மாரைப் பற்றி வேதத்தில் எங்கெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையெல்லாம் இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும், “செய்ய வேண்டியது” என்று ஒரு வரி.

நல்ல முயற்சிதான். ஆனால் வேதத்தை வாசித்த அதே கண்களால்தான் அவர் பகல் முழுவதும் தோட்டத்து விசாரணைக் கோப்புகளையும் வாசித்தார். இரண்டும் அவருக்குள் ஒரே அலுமாரியில் அடுக்கப்பட்டுவிட்டன. எங்கள் வீட்டில் குற்றம் செய்தவனுக்கு உடனே அடி விழாது. முதலில் முறைப்பாடு. பிறகு, இரண்டு நாட்களுக்குள், ஃபுல்ஸ்கேப் தாளில் எழுத்துமூல விளக்கம். பிறகு விசாரணை. விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேளாததைச் சொல்வது நழுவப் பார்ப்பது என்று கருதப்படும். பிறகு ஜெபம். அதன் பிறகே தண்டனை. மாலை ஆறு மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து ஏற்றிய கையோடு, தகப்பனார் அம்மாவிடம் கேட்பார்: “பிள்ளைங்க மேல இன்னைக்கு ஏதும் முறைப்பாடு இருக்கா?”

“என் மேலதான் இருக்கு,” என்பார் அம்மா. “சோத்துல உப்பு கூடிப்போச்சு. விளக்கம் எழுதித் தரவா?”

தகப்பனார் சிரிக்கமாட்டார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் அவருக்குச் சிரிப்பு என்பது எனக்கு மிகவும் பிந்தியே புரிந்தது.

ஃபுல்ஸ்கேப் தாளை நான் நகரத்தில், ஆலயத்துக்கு எதிர்ப்புறமிருந்த கடையில் வாங்குவேன். கலகெதரையிலிருந்து வந்து அங்கே கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி. வெள்ளைத் தொப்பி, காதில் செருகிய பென்சில், கடை முழுவதும் பசையும் புதுக் காகிதமும் கலந்த மணம். என்னைக் கண்டதுமே தாளை உருவ ஆரம்பித்துவிடுவார்.

“வாங்க மகன். இந்தக் கெழமை என்ன கேஸ்?”

“பிந்தி வந்தது.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு மணித்தியாலம்.”

“அப்ப ஒரு தாள் போதும். போன கெழமை மாதிரிக் கண்ணாடி ஒடச்சா ரெண்டு தாள் எடுங்க.”

நான் பிந்தி வந்தது உண்மை. அந்த வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபின் அம்மாவுக்குச் சாமான் வாங்க நகரத்துக்கு இறங்கிய வழியில், நகரத்தின் பெரிய கல்லூரியின் வேலிக்கு வெளியே நின்று உள்ளே நடந்த கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்தக் கல்லூரியில் என்னைச் சேர்ப்பதற்குத்தான் தகப்பனார் மூன்று வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தார். அனுமதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று மீதமிருந்தது: என் நடத்தை பற்றி ஆலயத்திலிருந்து ஒரு நற்சாட்சிப் பத்திரம். எழுத வேண்டியவர் செயலாளர். கையொப்பமிட வேண்டியவர் குருவானவர். ஈஸ்டர் முடிந்த வாரத்துக்குள் அது கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் நான் தோட்டப் பாடசாலையோடு நிற்க வேண்டியதுதான். நம் வாங்கில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் அப்படி நின்றார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வசனப் போட்டி, ஈஸ்டருக்கு இரண்டு ஞாயிறு முந்தி, ஆராதனைக்குப் பின் ஆலய மண்டபத்தில் நடந்தது. போட்டியாளரின் உள்ளங்கையில் இலக்கம் எழுதுவது செயலாளரின் வேலை. அதற்குத் தகப்பனார் தோட்ட அலுவலகத்துக் காப்பிங் பென்சிலைக் கொண்டுவருவார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா நிறமாகப் பதியும், இலகுவில் அழியாது. இருபது பிள்ளைகளுக்கு எழுதி முடிக்கும்போது அவருடைய நாக்கு நுனியும் கீழுதடும் ஊதாவாகியிருக்கும். என் கையில் பதினான்கு என்று எழுதினார். எல்லாப் பிள்ளைகளின் கையையும் பிடித்ததைப் போலவே என் கையையும் பிடித்தார். ஒரு நொடிகூட அதிகமில்லை.

போட்டியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. எனக்கு அன்று ஒரு சிக்கல். மாலையில் ஒப்படைக்க வேண்டிய விளக்கக் கடிதம் என்னிடம் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. முந்தைய கடிதத்தை என் மூன்று வயதுத் தங்கை கப்பல் செய்து தண்ணீர்த் தொட்டியில் விட்டிருந்தாள். சட்டைப்பை கிடையாது. காற்சட்டைப் பைகளில் நான் கொய்யாப்பழம் வைத்துக் கறையாக்கியதால் அம்மா அவற்றைத் தைத்து மூடியிருந்தார். ஆகவே கடிதத்தை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். நாற்பது வசனங்களையும் பிழையின்றிச் சொன்னேன். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிழையின்றிச் சொன்னேன்.

முடிந்ததும், பின்வரிசையிலிருந்து ஞாயிறு பாடசாலை மாஸ்டர் எழும்பினார். அவர் யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தவறான கூட்டலைக் கண்டால் முகம் சுருங்குவதுபோல் அப்போது அவர் முகம் சுருங்கியது.

“ஒரு நிமிசம் பொறுங்கோ. உந்தப் பெடியன்ர கைக்குள்ள ஒரு கடதாசி கிடக்கு. நான் என்ர கண்ணால கண்டனான். தன்ர முறை வர முந்தி அதைப் பாத்துப்போட்டுத்தான் வந்திருக்கிறான்.”

மண்டபம் முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. என் தகப்பனாரைப் பார்த்தது. அவர் கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதை மேசையில் நேராக வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“கையில தாள் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க அப்பா.”

“என்ன கடதாசி எண்டு காட்டச் சொல்லுங்கோவன்,” என்றார் மாஸ்டர்.

“தேவையில்ல மாஸ்டர். ஒத்துக்கிட்டான்.” தகப்பனார் மேசைக்குத் திரும்பிப் பட்டியலில் என் பெயரை அடித்தார். “என் மகன் போட்டியிலிருந்து விலகுறான். அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுங்க.”

இந்த இடத்தை நான் அறுபது ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அவர் தாளை வாங்கிப் பார்த்திருப்பார். பார்க்காததற்குக் காரணம், பார்ப்பது மகனைத் தப்பவைக்க வழி தேடுவதாகத் தோன்றிவிடும் என்ற பயம். நம் சபையின் பெரியவர்கள் பலரிடம் இந்தப் பிழை இருந்தது. நேர்மை என்றால் ஊரார் பிள்ளைக்கு அளக்கும் கோலைவிட நீளமான கோலால் சொந்தப் பிள்ளையை அளப்பது என்று மெய்யாகவே நம்பினார்கள். பரலோகத் தகப்பன் நியாயாதிபதி என்பதை அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள். நியாயாதிபதியாக இருக்கும்போதும் தகப்பனாக இருக்கிறார் என்ற பகுதியை வேகமாக வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது மட்டுமல்ல, விதிப்படி இலக்கம் அழைத்த நொடியிலிருந்து என் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வசனங்களை எழுதிக்கொண்டு வந்தவன் அவற்றைத் தன் முறை முடியும்வரை கையில் பொத்திக்கொண்டு நிற்பானா என்று கேட்கக் கணித ஆசிரியருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை கடிதத்தைக் கொடுத்தேன். “இது சின்ன விசயம். இப்ப பெருசு ஒண்ணு நிக்குது,” என்று வாசிக்காமலே, மேசையில் தாள்கள் குத்திவைக்கும் கம்பி ஊசியில் குத்திவைத்தார். பெரிய விடயத்துக்கு அவர் விளக்கம் கேட்கவில்லை. விசாரணையும் இல்லை. தண்டனையும் இல்லை. ஒன்றை மட்டும் சொன்னார்: “நற்சாட்சிப் பத்திரம் என் கையால எழுத மாட்டேன். எழுதுனா பொய் எழுதுனதா ஆகும்.”

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். “என்ன கடுதாசின்னு பிள்ளைகிட்டக் கேட்டீங்களா?”

“அவனே ஒத்துக்கிட்டானே.”

“நான் அதக் கேக்கல. என்ன கடுதாசின்னு கேட்டீங்களா?”

“தீர்ப்பு ஆயிருச்சு.”

அம்மா என்னிடம் திரும்பினார். “நீயாவது சொல்லேன்டா.”

“அப்பா கேக்கட்டும்,” என்றேன்.

என் பக்கத்துப் பிழை இது, மறைக்க விரும்பவில்லை. ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று கற்றுத் தந்தவர் அவர். அந்தப் பாடத்தை அவருக்கே ஒப்புவிக்க எனக்குள் ஒரு பிடிவாதம் எழுந்துவிட்டது. அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இது வீடா, ஆபீசா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று ரொட்டி கருகியிருந்தது. எவரும் முறைப்பாடு செய்யவில்லை.

அந்த இரண்டு வாரங்களின் நாட்கள் எனக்குப் பிரிபிரியாக நினைவிருக்கின்றன. விடியற்காலையில் பனிமூட்டம் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரைவரை இறங்கி நிற்கும். உள்ளே கொழுந்து வாடும் பச்சை மணம் வெளியே வரும். தொழிலாளர் லயத்துப் பெண்கள் கூடையோடு ஏறும்போது, “கிளாக்கரையா மகன் என்ன, மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கு?” என்று கேட்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று எல்லாப் பிள்ளைகளும் ஓலையில் சிலுவை முடைந்தார்கள். நான் முடைந்தது கோணியது. தகப்பனார் வழக்கம்போல் அதைத் திருத்தக் கை நீட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டார். அது எனக்கு அடியைவிட வலித்தது. என்னோடு பேச அவருக்குத் தெரிந்த ஒரே மொழி அந்தத் திருத்தல்தான் போலும், அதுவும் நின்றுவிட்டது.

நடுவில் ஒரு நாள் கடை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏனென்று தெரியவில்லை, அவர் எங்கள் சபையைச் சேராதவர் என்பதால் இருக்கலாம். கேட்டுவிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

“நான் போய் ஒங்கட வாப்பாக்கிட்டச் சொல்லட்டா?”

“வேணாம் முதலாளி. அவங்க கேக்கணும்.”

“சரியாப் போச்சு. வாப்பாவும் மகனும் ஒரே றீம்ல உருவுன தாள்.” சிறிது நேரம் பசைக் குவளையைக் கிளறினார். “நானும் ஒரு வாப்பாதான், மகன். எங்களுக்கும் வேலை அதிகம், மறந்திருவோம். ஞாபகப்படுத்த யாராச்சும் வேணும்.”

ஈஸ்டருக்கு முந்திய நாளான பெரிய சனிக்கிழமை முற்பகல், ஆலயத்தை அலங்கரிக்க லில்லிப் பூக்கள் எடுத்துப்போக நானும் தகப்பனாரும் நகரத்துக்கு இறங்கினோம். பூக்களை ஆலயத்தில் வைத்துவிட்டு, மறுநாள் அறிவித்தல் எழுதத் தாள் வேண்டும் என்று அவர் அந்தக் கடைக்குள் நுழைந்தார். நான் ஒரு கொத்துப் பூவோடு வாசலில் நின்றேன். முதலாளி என்னைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தாளை எண்ணிக்கொண்டே, வானிலை பேசுவதுபோலப் பேசினார்.

“ஒங்கட மகனுக்குக் கெழமைக்கு ஒரு தாள் போகும். இப்ப ரெண்டு கெழமையா வரல்ல. நல்ல புள்ள ஆகிட்டாரோ?”

தகப்பனார் சட்டைப்பையில் சில்லறையைத் தேடினார்.

“இல்லாட்டி, இப்பல்லாம் விளக்கம் கேக்குறதில்லயோ?”

தகப்பனார் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஹந்தானை ஏற்றத்தில், எப்போதும் நிதானமாக அடியெடுத்து வைப்பவர், எனக்கு எட்டாத தூரத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தார். அவருடைய சொந்த நடைமுறையிலேயே ஓட்டை. சின்ன வழக்குக்கு விளக்கம் வாங்கியவர் பெரிய வழக்குக்கு வாங்கவில்லை. தோட்டத்தில் எந்தத் துரை அப்படிச் செய்திருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன். ஊசியிலிருந்து என் கடிதத்தை உருவினார். வாசித்தார். பிந்தி வந்ததற்கு நான் எழுதியிருந்த காரணம் எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘கல்லூரி வேலியருகில் நின்றேன். உள்ளே இருந்த பிள்ளைகளில் நானும் ஒருவனாக இருப்பேனா என்று பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. தயவுசெய்து மன்னிக்கவும்.’ வாசித்துவிட்டு, நான்கு மடிப்புத் தடங்களை விரலால் தடவினார். தாளைப் பின்புறம் திருப்பினார். அங்கே, வியர்வையில் ஊறிய உள்ளங்கையிலிருந்து, ஊதா நிறத்தில் ஏதோ பதிந்திருந்தது. அவர் எழும்பிச் சுவரில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியைக் கழற்றி, தாளை அதற்கு நேரே பிடித்தார். கண்ணாடிக்குள் பதினான்கு தெரிந்தது. அவருடைய கையெழுத்து.

பிறகு என்னிடம் வந்தார். வாயைத் திறந்தார்.

“மிச்சப் பூவுக்குத் தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேன்.”

அவ்வளவுதான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றார். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். அது கோணலாகத் தொங்கியது. அன்று முழுவதும் அவர் அந்த நீல மட்டைக் கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கமும் திரும்பவில்லை. எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைச் செய்யும் வழியை எவரும் அவருக்குச் செய்து காட்டியிருக்கவில்லை. தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்ட ஒரு தகப்பனை அவர் கண்டதில்லை. தன்னை விட்டுப்போன தகப்பனை மட்டுமே கண்டிருந்தார்.

ஈஸ்டர் காலை ஆராதனைக்கு விடியும் வெளிச்சத்தில் இறங்கினோம். புத்தரின் தந்தம் வைத்த மாளிகைப் பக்கமிருந்து பறைச் சத்தம் மூடுபனிக்குள் கேட்டது. வழியில் மூன்று முறை தகப்பனார் தொண்டையைச் செருமினார். மூன்று முறையும் நான் காத்திருந்தேன்.

ஆலயத்தில் செயலாளர் எப்போதும் முதல் வரிசையோடு கிராதியருகில் முழங்காலிடுவார். பலிபீடத்தின் முன்னிருந்த அந்த மரக் கிராதியின் வழவழப்பு உங்களுக்கு நினைவிருக்கும். திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் நாம் வாங்குகளிலேயே இருப்போம். அன்று குருவானவர் அப்பத்தை எடுத்துக்கொண்டு இடதுபுறத்திலிருந்து தொடங்கினார். தகப்பனார் மூன்றாவது இடம். முதலாமவர் பெற்றார். குருவானவர் இரண்டாமவரிடம் வரும்போது, தகப்பனார் எழுந்து நின்றார்.

நம் சபையில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்ட ஒருவர், குருவானவரின் கண்சாடையில் அப்படித்தான் எழுந்து போனார். ஆகவே பின்னாலிருந்த எல்லோரும் கண்டது அதைத்தான். குருவானவரின் முகத்தை நான் நேரே கண்டேன். அவர் திடுக்கிட்டிருந்தார். கையிலிருந்த அப்பம் அசையவில்லை.

காணிக்கையோடு வரும்போது உன் மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்ற கட்டளையை, வீட்டு ஜெபத்தில் எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். அப்போது அந்த ‘ஒருவன்’ ஒரு பெரியவனாக இருப்பான் என்றே நான் நினைத்திருந்தேன்.

படிகளில் இறங்கினார். கெட்ட மகன் திரும்பி வரும்போது தகப்பன் ஓடிப்போய்த் தழுவிக்கொண்ட கதையை ஒவ்வொரு லெந்திலும் அவர் எங்களுக்கு வாசிப்பார். ஆனால் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்றும் ஓடவில்லை. ஆனால் நடையென்றும் அதைச் சொல்ல முடியாது. மூன்றாவது வாங்கின் முனையில் வந்து, என் முகத்துக்கு நேராக முகம் வரும்வரை குனிந்தார்.

“உன் கடுதாசியப் படிச்சேன்.”

நான் பேசவில்லை. அது கேள்வி அல்ல.

“என்ன தாள்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடது. என்னை மன்னிப்பியாப்பா?”

இரண்டு வாரப் பிடிவாதம் பத்து வயதில் கனமான சுமை. அதை எப்படி இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியில் இறக்கினேன்.

“எழுதித் தாங்க,” என்றேன்.

பக்கத்திலிருந்த பெண்கள் வாங்கிலிருந்து அம்மாவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. தகப்பனார் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

“நாளைக்குத் தாறேன். ஃபுல்ஸ்கேப்ல.”

“மடிக்கக் கூடாது.”

“மடிக்கல.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இப்ப நான் மேல போகலாமா?”

“போங்கப்பா.”

அதன் பிறகு என் வாழ்நாளில் பல பதவிகளில் பல அனுமதிகளை வழங்கியிருக்கிறேன். அவ்வளவு பெரிய அனுமதியை நான் எவருக்கும் வழங்கியதில்லை.

திங்கட்கிழமை மாலை, விளக்கு ஏற்றிய பின், அவருடைய விளக்கம் என் கையில் ஒப்படைக்கப்பட்டது. ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கியது, ஒன்றரைப் பக்கம். மீதியை நான் எவருக்கும் காட்டியதில்லை. இங்கும் காட்டப் போவதில்லை. என் விசாரணை சுருக்கமாக இருந்தது. தண்டனையாக, தங்கையையும் என்னையும் அந்த ஆண்டுப் பெரஹரா ஊர்வலத்துக்குத் தோளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று தீர்ப்பளித்தேன். தங்கையை ஏற்றினார். என்னை ஏற்ற முடியவில்லை. அரை மணித்தியாலம் முயன்றார்.

நற்சாட்சிப் பத்திரம் செவ்வாயன்று எழுதப்பட்டது. நான் கல்லூரிக்குப் போனேன். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் தகப்பனார் எழும்பி, தாளில் இருந்தது வசனம் அல்ல, தன் தீர்ப்பு பிழை என்று அறிவித்தார். மாஸ்டர் எழும்பி, “ஆனா கடதாசி கிடந்தது உண்மைதானே?” என்றார். உண்மைதான் என்று தகப்பனார் ஒத்துக்கொண்டார். மாஸ்டர் திருப்தியோடு உட்கார்ந்தார். மறு வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொண்டுவந்து, எதற்கென்று சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். பரிசாக வழங்கப்பட்ட பாட்டுப் புத்தகம் இரண்டாவதாக வந்த பிள்ளையிடமே இருந்தது. அதைக் கேட்கக் கூடாது என்பது தகப்பனாரின் உத்தரவு.

ஆனால் அந்த அறிவித்தலே வதந்திக்கு வழியாயிற்று. மகன் மேல் பிழையாகக் குற்றம் சாட்டியதற்காகத்தான் குருவானவர் இவரைக் கிராதியிலிருந்து எழுப்பிவிட்டார் என்று சபை இரண்டையும் இணைத்துவிட்டது. குருவானவர் அதை மறுத்து அறிவிக்க முன்வந்தார். தகப்பனார் வேண்டாம் என்றார். “யார்கிட்ட விளக்கம் குடுக்கணுமோ அவன்கிட்டக் குடுத்தாச்சுங்க ஐயா. ஊருக்கு எதுக்கு?” குடும்பத்தின் பெயரை அவ்வளவு காத்தவர் அப்படிச் சொன்னது அன்று எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

அவர் அடியோடு மாறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முறைப்பாடும் விளக்கமும் தொடர்ந்தன. ஆனால் மேசையில் இரண்டாவது ஊசி ஒன்று வந்தது. அது அவர் மேல் நாங்கள் கொடுக்கும் முறைப்பாடுகளுக்கு. தங்கைக்கு எழுதத் தெரியாது. அம்மாவிடம் சொல்லி எழுதுவித்தாள். ‘அப்பா இன்னைக்குச் சிரிக்கல.’ அதற்கு அவர் இரண்டு வரியில் விளக்கம் எழுதி, கீழே கையொப்பமிட்டு, அவளுக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது சிரித்தார்; பற்கள் தெரிய. நீலக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கிராதியருகில் அவர் கைக்கொண்ட அந்தக் கட்டளையின் கீழ், ‘செய்ய வேண்டியது’ என்று அச்சுப்போல எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘செய்தது’ என்று எழுதியிருந்தார். கொப்பி வீடு மாறும்போது தொலைந்தது. ஊசிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

நான் மூன்று பிள்ளைகளின் தகப்பன். என் மூத்த மகனிடம் நான் சொல்ல வேண்டியிருந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. என் தகப்பனாருக்கு ஒரு நாள்கூட முழுதாகப் பிடிக்கவில்லை. இந்த ஈஸ்டருக்குத்தான் சொன்னேன். “தப்பு என்னோடது” என்ற அதே சொற்கள். அவன், “எழுதித் தாங்கப்பா” என்றான். இந்தக் கதையை நான் அவனுக்கு ஒருபோதும் சொன்னதில்லை என்று நினைத்திருந்தேன். அவனுடைய பாட்டனார் சொல்லியிருக்கிறார் போலும். தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே, மரண வீட்டில் தேநீரோடு நின்ற அன்பருக்கும், அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கும்: என் தகப்பனாருக்கு எந்த ஈஸ்டரிலும் நற்கருணை மறுக்கப்படவில்லை. குருவானவர் அவரை எழுப்பவில்லை. அவர் தாமாக எழுந்தார். அன்று இரண்டாவது வரிசையில், வலதுபுறம் கடைசி இடத்தில், முழங்காலிட்டுப் பெற்றுக்கொண்டார்.